புளிச்சைச் செடிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

கேள்வி: ரோசெல் எனப்படும் சிவப்புப் புளிச்சையை, காயை மூடும் சிவப்பு இதழுக்காகப் பயிரிட்டிருக்கிறேன். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டு விதைத்தேன். செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஆனால் கிளையே இல்லை. உச்சியில் மட்டும் ஏழெட்டுக் காய். வரப்போரம் நிற்கும் செடிகள் அடியிலிருந்து கிளைத்து நன்றாகக் காய் பிடித்திருக்கின்றன. ஒரு மீட்டர் இடைவெளி விடு என்கிறார் ஒருவர். எண்ணிக்கை கூடினால்தான் மகசூல் கூடும், நெருக்கியே விதை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? பிந்தி விதைத்த இன்னொரு துண்டு நிலமும் இருக்கிறது. அங்கும் இதே இடைவெளிதான். செடிகள் இப்போது முழங்கால் உயரம். அதையாவது காப்பாற்றலாமா?

பதில்: வணக்கம். இரண்டாவது துண்டு நிலத்தில் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் அந்த நிலத்துக்குப் போய், நாலைந்து இடங்களில் செடியின் மேல்பகுதியைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில், சுற்றிலும் ஊசி போன்ற மெல்லிய சிற்றிதழ்கள் சூழ்ந்த பச்சை மொட்டு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகச் செடியை எடுத்துவிடுங்கள். 45 × 20 என்பது 45 × 40 ஆகிவிடும். சதுர மீட்டருக்குப் பதினொன்றாக இருந்த செடி ஐந்தரையாகக் குறையும். பிந்தி விதைத்த பயிருக்கு அதுவே போதுமான இடம். கணக்குப் பிசகாமல் ஒன்று விட்டு ஒன்று என்றே போக வேண்டியதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டில் எது மெலிந்ததோ, எது பூச்சி கடித்ததோ, அதை எடுங்கள். பிடுங்க வேண்டாம். முழங்கால் உயரச் செடியைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து அசையும். தரையை ஒட்டி அறுத்துவிடுங்கள், போதும். அறுத்த செடியின் இளந்தழை கீரையாகப் பயன்படும், வீணாகாது.

மொட்டு வைத்துவிட்டது என்றால் செடிகளைக் குறைத்துப் பெரிய பயன் இல்லை. பூக்கத் தொடங்கிய புளிச்சை, பக்கத்தில் இடம் கிடைத்தது என்பதற்காக அடியிலிருந்து புதுக்கிளை விட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளாது. உங்கள் முதல் நிலம் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதை அப்படியே விட்டு, வந்த காயைப் பறித்துக்கொள்ளுங்கள். உயர்ந்து மெலிந்த செடி காற்றுக்குச் சாயும். மண் அணைத்து வையுங்கள். அதற்கு மேல் உரம் போட்டோ மருந்து தெளித்தோ காயைக் கூட்ட முடியாது. யாராவது அப்படி ஏதாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிலின் பாதியை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வரப்போரச் செடிதான் அந்தப் பாதி.

புளிச்சை எப்படிக் காய்க்கிறது என்று கவனியுங்கள். கொத்துக் கொத்தாக அது பூப்பதில்லை. ஒரு இலைக் கக்கத்துக்கு ஒரு பூ. அந்தப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதன் அடியிலுள்ள புல்லி இதழ்கள் ஐந்தும் தடித்துச் சிவந்து காயை மூடிக்கொள்ளும். நாம் பறிப்பது அதைத்தான். அப்படியானால் ஒரு செடியில் எத்தனை காய் என்பது, வெளிச்சம் படும் கிளைகளில் எத்தனை கணு என்பதைப் பொறுத்தது. ஒற்றைத் தண்டாக நிற்கும் செடிக்கு உச்சியில் இருக்கும் கணுக்கள்தான் முதலீடு. பத்துக் கிளை விட்ட செடிக்குப் பத்துக் கிளையிலும் கணு இருக்கிறது. இதழ் மகசூல் என்பது பெரும்பாலும் கிளைகளின் கணக்குதான். உயரத்துக்கு அதில் பங்கு குறைவு.

நெருக்கத்தில் கிளை வராததற்குக் காரணம், உரம் போதாமை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் காரணம் ஒளி. இலை சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அடுத்துள்ள தொலைசிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். பக்கத்தில் இலைகள் கூடினால் செடியின் மேல் விழும் ஒளியில் தொலைசிவப்பின் பங்கு கூடும். தண்டிலும் இலையிலும் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இதை உணர்ந்துகொள்ளும். நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருப்பது செடிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் அது செய்வது இரண்டு: தண்டை நீட்டும், பக்க மொட்டுகளை எழும்பவிடாமல் அடக்கும். உங்கள் தலைக்கு மேல் வளர்ந்த செடிகள் செழித்து வளர்ந்தவை அல்ல. ஒன்றையொன்று முந்தப் பார்த்து நீண்டவை. அடித்தண்டைப் பாருங்கள், உயரத்துக்கு ஏற்ற பருமன் இருக்காது. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருக்கும். அந்தக் கணுக்களில் இருந்த மொட்டுகள் எழும்பாமலே நின்றுபோயிருக்கும்.

வரப்போரச் செடிக்கு ஒரு பக்கம் திறந்திருந்தது. அதனால் அது கிளைத்தது. ஆனால் அதைப் பார்த்து ‘ஒவ்வொரு செடிக்கும் இவ்வளவு இடம் விட்டால் எல்லாம் இப்படிக் காய்க்கும், மகசூல் பல மடங்காகும்’ என்று கணக்குப் போட வேண்டாம். வரப்போரச் செடி தன் இடத்தில் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. வரப்பின் மேல் விழும் வெயிலும் வரப்படி மண்ணின் ஈரமும் அதற்குக் கிடைக்கின்றன. வயலின் நடுவில் நிற்கும் செடிக்கு அந்த வசதி இல்லை.

இங்கேதான் உங்களுக்கு யோசனை சொன்ன இருவரும் பிரிகிறார்கள். ஒருவர் செடியைப் பார்க்கிறார், இன்னொருவர் நிலத்தைப் பார்க்கிறார். இடம் கூடக்கூட ஒரு செடியின் விளைச்சல் கூடும். ஆனால் நிலத்தில் செடிகளின் எண்ணிக்கை குறையும். இரண்டையும் பெருக்கி வருவதுதான் மகசூல். 1950களில் ஜப்பானில் கிரா, ஷினோசாகி முதலிய ஆய்வாளர்கள் பல பயிர்களில் இதை அளந்து பார்த்தார்கள். செடிகளை நெருக்கிக்கொண்டே போனால் நிலம் தரும் மொத்தத் தாவர எடை ஓர் அளவு வரை உயர்ந்து, பிறகு அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும் என்று கண்டார்கள். தண்டு, இலை, வேர் எல்லாம் சேர்ந்த எடைக்கு இது பொருந்தும். பூ, காய், விதைக்காக வளர்க்கும்போது நிலைமை கொஞ்சம் கடுமையானது. மகசூல் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் நெருக்கினால் இறங்கும். இருக்கிற சத்தெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே போய்விடுகிறது.

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துப் பார்ப்போம். இவை எந்த வயலிலும் அளந்தவை அல்ல. 60 × 30 இடைவெளியில் சதுர மீட்டருக்கு ஐந்தரைச் செடி. செடிக்கு 25 காய் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 காய். 90 × 60-ல் சதுர மீட்டருக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான செடி. செடிக்கு 80 காய் என்றால் 148. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் விட்டால் ஒரே செடி. அது 110 காய் காய்த்துப் பார்ப்பவரை அசத்தினாலும் நிலத்துக்குக் கிடைப்பது 110-தான். செடி தன்னால் முடிந்தவரை கிளைத்து இடத்தை நிரப்பப் பார்க்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வரிசைகளுக்கு நடுவே கடைசிவரை வெறும் மண்ணாகத் தெரிந்தால், அங்கே விழுந்த வெயில் யாருக்கும் பயன்படாமல் போனது என்று அர்த்தம்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை முடிவுசெய்வது விதைத்த தேதி. புளிச்சைக்கு இடைவெளி சொல்லும் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே இதுதான்.

புளிச்சை குறும்பகல் பயிர். பகல்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரத்தை நெருங்கிக் குறையும்போதுதான் அது மொட்டு வைக்கும். வட அரைக்கோளத்தில் ஜூன் 21 வாக்கில் பகல் மிக நீளம். செப்டம்பர் 23 வாக்கில் பகலும் இரவும் சமம். மே மாதம் விதைத்தாலும் ஆகஸ்டு மாதம் விதைத்தாலும் ஒரே ரகம் பூக்கும் காலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம், பூப்பதற்கு முன் செடிக்கு வளரக் கிடைத்த காலத்தில்தான். மே விதைப்பு நாலு மாதம் வளர்ந்து, கிளைக்குக் கிளை விட்டுப் புதராகிவிடும். ஆகஸ்டு விதைப்பு இடுப்பளவு வருவதற்குள் மொட்டு வைத்துவிடும். முன்னதற்கு 60 × 30 கொடுத்தால் நெருக்கியடிக்கும். பின்னதற்கு ஒரு மீட்டர் கொடுத்தால் பாதி நிலம் சும்மா கிடக்கும். உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே அவரவர் விதைக்கும் பருவத்துக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பகல்நீளம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் அங்கே இந்த வித்தியாசம் குறைவு. அங்கிருந்து விலக விலக இது கூடிக்கொண்டே போகும்.

எனவே என் பரிந்துரை இப்படி. பூப்பதற்கு முன் மூன்று மாதத்துக்கு மேல் வளர நேரம் இருக்கிறது, மண்ணும் நல்லது, தண்ணீரும் உண்டு என்றால் 90 × 60-லிருந்து தொடங்குங்கள். மிகச் செழிப்பான மண்ணில், நன்றாகப் படரும் ரகத்தில், ஒரு மீட்டர் வரை போகலாம். இரண்டு முதல் மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் 60 × 60 அல்லது 75 × 45. இரண்டு மாதத்துக்கும் குறைவு என்றால் 60 × 30 அல்லது 45 × 40. உங்கள் 45 × 20-ல் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் செடி வருகிறது. இதழுக்கு அது எந்தப் பருவத்திலும் அதிகம்.

இந்த எண்களை மண்ணைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். மெலிந்த மண்ணில் செடி சின்னதாகவே நிற்கும். ஆகவே ஒரு படி நெருக்கலாம். மழையை மட்டும் நம்பிய மணற்பாங்கான நிலத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே போட்டி மேலே வெயிலுக்காக நடப்பதைவிட மண்ணுக்குள் ஈரத்துக்காக நடக்கும். புளிச்சையின் ஆணிவேர் ஆழமாகப் போகும் என்றாலும், மழை தவறிய மாதத்தில் நெருங்கி நிற்கும் செடிகள் ஒன்றின் ஈரத்தை ஒன்று பிடுங்கிக்கொண்டு எல்லாமே வாடும். அப்படிப்பட்ட நிலத்தில் வரிசை இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

ஒரே எண்ணிக்கையை இரண்டு விதமாகவும் அமைக்கலாம். 60 × 60-ம் 120 × 30-ம் செடிக்குக் கொடுக்கும் இடம் ஒன்றே. செடியின் பார்வையில் சதுரம் நல்லது. நாலு பக்கமும் சமமாகக் கிளை விடும். ஆனால் புளிச்சையைப் பறிப்பது கைவேலை. ஒரே செடியில் கீழே காய் முற்றும்போது மேலே பூ விரிந்துகொண்டிருக்கும். பூத்து இரண்டு மூன்று வாரத்தில், இதழ் தடித்து, உள்ளே விதைக்காய் இன்னும் பச்சையாக இருக்கும்போது பறிக்க வேண்டும். அந்தப் பதத்தில் காம்பு சட்டென்று ஒடியும். விட்டுவிட்டால் நார் பாய்ந்து கத்தி கேட்கும். இப்படிப் பலமுறை உள்ளே போய் வர வேண்டிய வயலில், கிளைகள் பின்னிக்கொண்டு ஆள் நுழைய வழியில்லை என்றால், நடுவரிசைக் காய்கள் பதம் தவறி முற்றிப்போகும். நுழைபவர் இடுப்பில் மோதிக் கிளைகளும் முறியும். காய் பிடித்த கிளை கனமானது. அடியிலேயே பிளந்து விழும். அதனால் நான் சதுரத்தைவிட, வரிசைக்கு நடுவே அகலமும் வரிசைக்குள் சற்று நெருக்கமும் உள்ள அமைப்பைத்தான் விரும்புகிறேன். 90 × 60-ஐ முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அகல இடைவெளியில் வரும் தொல்லை களை. புளிச்சை முதல் நாலைந்து வாரம் மெதுவாகத்தான் வளரும். அந்தக் காலத்தில் வரிசை நடுவே கிடக்கும் வெறும் மண்ணைக் களை பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை களை எடுத்துவிட்டால் பிறகு செடியே நிழல் கட்டி அடக்கிவிடும். அல்லது சீக்கிரம் முடிந்துபோகும் பச்சைப்பயறு, தட்டைப்பயறு மாதிரி ஒன்றை நடுவில் ஒரு வரிசை போடலாம். புளிச்சை கிளைத்து இடம் கேட்பதற்குள் அது அறுவடைக்கு வந்துவிட வேண்டும். கொடி வீசும் தட்டைப்பயறு ரகம் வேண்டாம். புளிச்சை மேலேயே ஏறிவிடும்.

நெருக்கத்தில் வரும் தொல்லை நோய். இலைகள் மூடிக்கொண்ட வயலில் மழைக்குப் பிறகு அடித்தண்டு காயவே காயாது. பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர் உண்டாக்கும் அடித்தண்டழுகலுக்கு அந்த ஈரம் போதும். தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலையில் ஒரு செடி வாடும், பிறகு வரிசையோடு பரவும். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியும் இந்தச் செடிக்கு வேண்டப்பட்ட விருந்தாளி. கிளைகள் உரசிக்கொண்டு நின்றால் செடி விட்டுச் செடி போக அதற்குப் பாலம் போட்ட மாதிரி. உள்ளே இருப்பது கண்ணிலும் படாது, மருந்தும் எட்டாது.

தழைச்சத்து பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கமான வயலில் செடி மெலிந்திருப்பதைப் பார்த்து யூரியா போடத் தோன்றும். அது இலையையும் உயரத்தையும் கூட்டி நிழலை இன்னும் கெட்டியாக்கும், கிளை வராது.

கீரைக்காகவும் இதே பயிரைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன். கீரைக்கு மட்டும் என்றால் இடைவெளிக் கணக்கே வேறு. 30 × 10 அல்லது 30 × 15-ல் நெருக்கி விதைத்து, ஐந்தாறு வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். செடி கிளைப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. நாருக்காக வளர்ப்பவர்களும் 30 × 10 போலத்தான் நெருக்குவார்கள். கிளையில்லாத நீளத்தண்டுதான் அவர்களுக்குத் தேவை. நீங்கள் குறை என்று சொல்வது அவர்களுக்குச் சரியான விளைச்சல். அதற்கு உயரமாக, அதிகம் கிளைக்காமல் வளரும் தனி வகையும் உண்டு. உங்கள் விதை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நார் வகை விதை கலந்திருந்தால் ஒரு மீட்டர் இடம் விட்டாலும் நீங்கள் எதிர்பார்க்கும் தடித்த சிவப்பு இதழ் வராது. ஆனால் வரப்போரச் செடிகள் நன்றாகக் காய்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதனால் உங்கள் விதையில் பழுதிருக்காது என்றே படுகிறது.

கீரையும் வேண்டும், இதழும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வரிசைக்கு வரிசை 90 விட்டு, வரிசைக்குள் 15 செ.மீ.க்கு ஒரு குழியில் இரண்டு மூன்று விதை, ஒன்றரை இரண்டு செ.மீ. ஆழத்தில் போடுங்கள். நாலாவது இலை வந்ததும் குழிக்கு ஒரு செடி நிறுத்துங்கள். ஐந்தாறு வாரத்தில், 60 செ.மீ.க்கு ஒரு செடியை விட்டுவிட்டு நடுவிலுள்ள மூன்றையும் கீரைக்கு எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ‘நன்றாக வளர்கிறதே, இன்னும் பத்து நாள் போகட்டும்’ என்று விட்டால், அதற்குள் நிற்கப்போகும் செடியும் நீளத் தொடங்கிவிடும். நிறுத்திய செடி முழங்காலை எட்டும்போது நுனியை ஒருமுறை கிள்ளுங்கள்; பக்க மொட்டுகள் எழும்பும். அதுவும் பூக்க இன்னும் ஒரு மாதமாவது இருந்தால் மட்டும். உங்கள் இரண்டாவது நிலத்துக்கும் இதே விதிதான். நாள் குறைவாக இருந்தால் கிள்ளாமல் விடுங்கள். மொட்டு வைத்த பிறகு கீரைக்காக நுனியைக் கிள்ளினால் வரவேண்டிய காயைத்தான் கிள்ளுகிறீர்கள்.

அடுத்த பருவத்துக்கு நான் சொன்ன எண்களையும் அப்படியே நம்பி முழு நிலத்திலும் போட வேண்டாம். உங்கள் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் நிலத்திலேயே பார்த்துவிடலாம். ஒரே நாளில், ஒரே விதையில், அடுத்தடுத்து மூன்று பாத்திகள் போடுங்கள்: 60 × 30, 60 × 60, 90 × 60. ஒவ்வொன்றும் ஐந்தாறு வரிசையாவது இருக்கட்டும். பூக்கத் தொடங்கும் சமயம் உச்சிவெயிலில் வரிசைகளுக்கு நடுவே நின்று தரையைப் பாருங்கள். சிறு சிறு வெயில் புள்ளிகள் அங்கங்கே தெரிந்தால் சரியான அடர்த்தி. கால் வைக்கும் இடமெல்லாம் வெயிலாக இருந்தால் தளர்வு. புள்ளியே இல்லாமல் இருட்டிக் கிடந்து, கீழ் இலைகளும் உதிர்ந்திருந்தால் நெருக்கம்.

பறிக்கும்போது ஓர வரிசைகளையும் ஒவ்வொரு வரிசையின் இரு முனைச் செடிகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வரப்போரச் செடிகள் ஏமாற்றுவதை மேலே சொன்னேன். நடுப்பகுதியில் மூன்று பாத்திக்கும் ஒரே பரப்பளவைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, அதற்குள் விளைந்ததை மட்டும் ஒவ்வொரு பறிப்பிலும் எடைபோட்டு எழுதுங்கள். விதைக்காயை நீக்கிய பிறகு இதழை மட்டும் எடைபோட வேண்டும். பச்சை எடையில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் காய்ந்த பிறகு மிஞ்சும் என்பதால் காய்ந்த எடையையும் தனியாகக் குறியுங்கள். கூடவே, ஒவ்வொரு பாத்தியையும் பறிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டு பாத்திகளின் எடை ஏறக்குறைய ஒன்றாக வந்தால், சீக்கிரம் பறித்து முடிக்க முடிந்த இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்.